ஒரு மாதம் காட்டோரம் தங்க: சென்னபட்டணமா, மாதேஸ்வரன் மலையா, கோத்தகிரியா, சாகரமா?

ஒரு மாத விடுப்பு கையில் இருக்கிறது. காட்டை ஒட்டிய ஓர் ஊரில் தங்கி, அங்குள்ள கைத்தொழிலைப் பழகி, அந்த மண்ணின் பேச்சையும் பாட்டையும் கேட்டு, ஒரு படைப்போடு திரும்ப வேண்டும். இதைத்தான் இப்போது ரெசிடென்சி என்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் தமிழர்களுக்கு ஓரிரவுப் பயணத்துக்குள் இதற்குப் பொருத்தமாக நான்கு இடங்கள் உண்டு. மரக்கடைசலுக்குச் சென்னபட்டணம், உண்ணிச்செடி (லாண்டனா) பின்னலுக்கு மாதேஸ்வரன் மலை, தோடர் பூத்தையலுக்கும் குறும்பர் ஓவியத்துக்கும் கோத்தகிரி, சுவர்ச் சித்திரத்துக்கும் நாடகத்துக்கும் மலைநாட்டுச் சாகரம்.

பெரும்பாலோர் படத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். மூடுபனி, மண்சுவர், திண்ணையில் ஒரு பாட்டி. ஆனால் போன இடத்தில் மாதம் வீணாவது வேறு காரணங்களால். மரம் காய்ந்திருக்காது. மழையில் வேலை நின்றிருக்கும். கற்றுத்தர வேண்டியவருக்கு அறுவடை வந்திருக்கும். காட்டுக்குள் போக எழுத்தில் அனுமதி இருக்காது. ஆகவே ஊரைப் பார்க்கும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது? அது வேலைக்குத் தயாராக எத்தனை நாள் ஆகும்? வெளியாளுக்கு அந்தத் தொழிலைச் சொல்லித்தரும் வழக்கம் அந்த ஊரில் இருக்கிறதா? நான்கு ஊர்களும் இந்த மூன்றுக்கும் நான்கு விதமாகப் பதில் சொல்கின்றன.

சென்னபட்டணம்

மைசூர் சாலையில் 60 கிலோமீட்டர். மைசூர் போகும் பாசஞ்சர் ரயில் நிற்கும். காலையில் போய் இரவு வீட்டுக்கு வந்துவிடலாம் என்பது இதன் பெரிய பலம். சிறு குழந்தை உள்ளவர்களுக்கும், பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் மற்ற மூன்று ஊர்களும் கனவுதான், இது நடக்கக்கூடியது.

இங்கே தொழில் கடைசல். சுழலும் மரத்தில் உளியை வைத்து உருட்டி எடுத்து, அதே சுழற்சியில் அரக்குப் பூசுவது. மரத்தை ஊர்க்காரர்கள் கன்னடத்தில் 'ஆலெ மரா' என்பார்கள், நம் ஆலமரம் என்று எண்ணிவிட வேண்டாம். அது வெட்பாலை. சித்த மருந்துக் கடையில் ஊதா நிறத்தில் ஒரு தைலம் விற்பார்களே, அந்த மரம்தான். வெள்ளையாக, நார் ஓட்டம் தெரியாத அளவுக்குச் சீராக இருக்கும், உளிக்கு வெண்ணெய் போல வழிவிடும். ஆனால் வெட்டிய மரத்தை 2, 3 மாதமாவது நிழலில் காயப்போட வேண்டும். ஈரம் மிச்சமிருக்கும் கட்டையைக் கடைந்தால் அன்று அழகாகத்தான் வரும். இரண்டு வாரத்தில் உருண்டை முட்டையாகும், துளை கோணும், மூடி பெட்டியில் ஏறாது. ஒரு மாதம் தங்குபவரால் மரம் காய்வதற்குக் காத்திருக்க முடியாது. பட்டறையில் ஏற்கனவே காய்ந்த கட்டை உங்கள் பங்குக்கு இருக்கிறதா என்று போகும் முன்பே கேட்டு, அதற்கு முன்பணம் கொடுத்துவிடுங்கள்.

அரக்கின் பக்குவம் எளிதாகத் தோன்றும், எளிதல்ல. அரக்கைக் கரி அடுப்பில் இளக்கி, நிறம் கலந்து, திரும்பத் திரும்ப இழுத்து மடித்துக் குச்சியாக உருட்டி வைத்திருப்பார்கள். மஞ்சளுக்கு மஞ்சள்தூள், நீலத்துக்கு அவுரி, இரண்டும் சேர்ந்தால் பச்சை. எல்லாப் பட்டறையும் இயற்கை நிறம் பயன்படுத்துவதில்லை. குழந்தைகளுக்கான பொருள் செய்வதானால் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சுழலும் மரத்தின் மேல் குச்சியை அழுத்தினால் உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி ஒட்டும். பிறகு தாழை ஓலையை வைத்துத் தேய்த்தால் அது பரவி மினுங்கும். குச்சியை மெல்ல அழுத்தினால் சூடு பிறக்காது, அரக்கு பொடிப்பொடியாக உதிரும். அளவுக்கு மேல் அழுத்தினால் ஓரிடத்தில் திட்டாகத் திரண்டு, ஓலை வைத்ததும் வரிவரியாக இழுபடும். மரம் ஈரமாக இருந்தால் கொப்புளம் வரும். எண்ணெய்க் கை பட்ட இடத்தில் ஒட்டவே ஒட்டாது. இந்த நான்கு பிழையும் எல்லோருக்கும் வரும். முதல் வாரம் முழுதும் நேரான உருளை ஒன்றையே கடைந்து, அதில் சீராக அரக்கு பூசிப் பழகுங்கள். உருண்டையை மூன்றாம் வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கண்ணளவில் ஓர் உருண்டை கடைவதுதான் இந்தத் தொழிலிலேயே கடினம்.

இன்று பெரும்பாலும் மின்கடைசல் இயந்திரம்தான். தொளதொளச் சட்டை, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி, கையுறை எதுவும் கூடாது. கையுறை கையைக் காக்கும் என்று நினைப்பார்கள். சுழலும் அச்சு துணியைப் பிடித்தால் கையோடு சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

கற்றுத்தரும் வழக்கம் இங்கே நன்றாகவே வேரூன்றியிருக்கிறது. கலாநகர்ப் பகுதியிலும் சுற்றுக் கிராமங்களிலும் பட்டறைகள் வெளியாட்களுக்குப் பழகியவை. 2000களின் நடுவில் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வடிவமைப்பு மாணவர்கள் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள். பட்டறையில் காதில் விழுவது கன்னடமும் தக்கினி உருதும். பெங்களூரில் வளர்ந்த தமிழருக்கு இரண்டும் ஓரளவு பழக்கம்தான்.

குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது. இங்கே காடு இல்லை. ராமநகரத்துப் பாறை மலைகளும், 2012இல் பிணந்தின்னிக் கழுகுகளுக்காக அறிவிக்கப்பட்ட ராமதேவர பெட்டா சரணாலயமும் பக்கத்தில் உண்டு. பார்க்கலாம், வரையலாம். ஆனால் அரக்கு ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கத்துக் காடுகளிலிருந்து மூட்டையில் வருகிறது. கைத்தொழிலுக்கும் சுற்றியுள்ள நிலத்துக்கும் உள்ள கயிறு அறுந்துபோயிருக்கிறது. காட்டைத் தேடிப் போகிறவருக்கு இந்த ஊர் ஏமாற்றம் தரும். கையைத் தேடிப் போகிறவருக்கு நான்கில் இதுவே முதல்.

மாதேஸ்வரன் மலை

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் காடும் கைத்தொழிலும் ஒன்றையொன்று தாங்கி நிற்பது இங்கேதான்.

கனகபுரா, மளவள்ளி, கொள்ளேகால், ஹனூர் வழியாகப் பெங்களூரிலிருந்து ஏறக்குறைய 210 கிலோமீட்டர். மேட்டூர், பாலாறு வழியாகவும் ஏறலாம். கர்நாடக முகவரி உள்ள பெண்களுக்கு 2023 ஜூனிலிருந்து அரசின் சாதாரணப் பேருந்துகளில் கட்டணம் இல்லை, கொள்ளேகால் வரையும் அதற்கு மேலும் அப்படியே போகலாம். வீட்டுப் பெரியவர்களிடம் ஊர்ப் பெயரைச் சொன்னால் "அது வீரப்பன் காடாச்சே" என்பார்கள். அந்தக் காலம் 2004 அக்டோபரோடு முடிந்தது. இன்று அஞ்ச வேண்டியது யானைக்கு.

2013இல் வனவிலங்குச் சரணாலயமான இந்த மலையில் சோளகப் பழங்குடியினர் முன்பு மூங்கிலில் கூடையும் முறமும் பின்னினார்கள். மூங்கில் குறைந்தது. அதன் இடத்தை, வெள்ளைக்காரர்கள் 1800களின் தொடக்கத்தில் அழகுச் செடியாகக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்த உண்ணிச்செடி பிடித்துக்கொண்டது. அது புதராக அடைத்த இடத்தில் புல் முளைக்காது, மரக்கன்று எழாது, மானுக்கும் காட்டெருமைக்கும் மேய்ச்சல் இல்லை. பெங்களூரில் இயங்கும் ஏட்ரீ ஆய்வு அமைப்பு, அந்தக் களையையே மூங்கிலுக்கும் பிரம்புக்கும் மாற்றாகப் பயன்படுத்த இங்குள்ளவர்களுக்குப் பயிற்சி தந்தது. நாற்காலி, கூடை, விளக்குக் கூடு, அலமாரி எல்லாம் வந்தன. நீலகிரியில் கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள் இதே செடியில் ஆளுயரத்தைத் தாண்டிய யானைகளைச் செய்ய, அவை 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. ஒவ்வொரு நாற்காலிக்கும் கொஞ்சம் களை காட்டிலிருந்து வெளியேறுகிறது. வெட்ட வெட்டக் காட்டுக்கு நல்லது என்று சொல்லக்கூடிய கைத்தொழில் வேறெங்கே இருக்கிறது?

செய்முறை இது. சட்டத்துக்குக் கட்டைவிரல் பருமனுக்கு மேல் உள்ள நேரான தண்டு, பின்னலுக்குச் சுண்டுவிரல் பருமனும் அதற்குக் குறைவானதும். கணு குறைவாக உள்ளதைப் பார்த்து வெட்ட வேண்டும். வெட்டிய தண்டுகளை நீளவாக்கில் பெரிய தகரத் தொட்டியில் சில மணிநேரம் கொதிக்க வைக்கிறார்கள். வெந்த சூட்டிலேயே பட்டையை உரித்தால் சட்டை கழற்றுவதுபோல் வந்துவிடும். ஆறவிட்டால் கத்தியால் சுரண்ட வேண்டும், தண்டில் தழும்பு விழும். வெந்த தண்டு வளையும். அன்றோ மறுநாளோ வளைத்து ஆணியோ கட்டோ போட்டுவிட வேண்டும். விறைத்துவிட்டால் மறுபடி ஊறவைக்கலாம், ஆனால் முதல் தடவையின் நெகிழ்வு திரும்பாது. காய்ந்த தண்டில் நேராக ஆணி அடித்தால் நீளத்துக்குப் பிளக்கும், மெல்லிய துளை போட்டுவிட்டு அடிக்க வேண்டும். கடைசியில் உப்புத்தாளில் தேய்த்து வார்னிஷ்.

கொதிக்க வைப்பதில் நேரத்தை மிச்சப்படுத்தியவர் பிறகு வருந்துவார். அரைவேக்காட்டுத் தண்டில் துளைப்பூச்சி இருந்தால் அது உயிரோடு உங்கள் வீட்டுக்கு வரும். சில மாதத்தில் நாற்காலிக் காலடியில் மாவு போலப் பொடி கொட்டும். பட்டை ஓரிடத்தில் விட்டிருந்தாலும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். வெட்டும்போது தடித்த கையுறையும் முழுக்கைச் சட்டையும் தேவை. தண்டில் சிறு முட்கள் உண்டு, இலை பட்டால் சிலருக்கு அரிப்பு வரும். தொட்டிப் புகை இருமலுக்கு ஆகாது. ஆஸ்துமா உள்ளவர்கள் வேகவைக்கும் பக்கம் போகாமல், உரித்த தண்டை வாங்கிப் பின்னலோடு நிற்கலாம்.

மூன்று நாளில் ஒரு சிறு கூடை, பத்து நாளில் ஒரு முக்காலி, மாதக் கடைசியில் உங்கள் சொந்த வடிவத்தில் ஒரு பொருள் என்று திட்டமிடலாம். நான்கு தொழில்களில் கைக்கு மிக விரைவாக வசப்படுவது இது. முதல் தவறு மன்னிக்கப்படும் தொழிலும் இதுதான். தண்டு உடைந்தால் புதரில் இன்னும் நூறு தண்டு இருக்கிறது.

இப்போது தடைகள். சரணாலயத்துக்குள் வனத்துறையின் அனுமதியில்லாமல் ஒரு சுள்ளியைக்கூட நீங்களாக வெட்டக் கூடாது. களைதானே என்ற வாதம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முன் செல்லாது. உள்ளூர்க்காரர்களோடு போய் அவர்கள் வெட்டுவதைப் பார்ப்பதற்கும் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். காலை ஆறரைக்கு முன்னும் மாலை ஐந்தரைக்குப் பின்னும் நடமாட்டம் வேண்டாம். உண்ணிப் புதர் ஆள் உயரம், அதற்குள் நிற்கும் யானை பத்தடி தூரத்திலும் கண்ணில் படாது. அமாவாசை, சிவராத்திரி, உகாதி, தீபாவளி நாட்களில் மாதேஸ்வரனைப் பார்க்கக் கூட்டம் மலையேறும். அந்த நாட்களில் அறை கிடைக்காது, பேருந்தில் நிற்க இடம் கிடைக்காது, வேலையும் நடக்காது. ஆனால் இசைக்காரர்கள் அந்த நாட்களில்தான் போக வேண்டும். கையில் வெண்கலக் கம்சாளைத் தாளத்தோடு மாதேஸ்வரன் கதையை இரவெல்லாம் பாடும் மரபு உயிரோடு இருப்பது அப்போது தெரியும். சேலம், ஈரோடு, தருமபுரி மாவட்டத்துப் பக்தர்கள் நிறைய வருவதால் கடைவீதியில் தமிழ் சரளமாக ஓடுகிறது. சோளகர் பேச்சில் தமிழும் கன்னடமும் காதில் தட்டுப்படும். மூன்றாம் நாள் பாதி புரியும்.

அருகில் இன்னொரு தேர்வு பிளிகிரி ரங்கன் மலை. அங்கே 1981இல் மருத்துவர் சுதர்சன் தொடங்கிய பழங்குடி நல அமைப்பு இருக்கிறது, தொட்ட சம்பிகே என்னும் மிகப் பழைய செண்பக மரத்தைச் சோளகர்கள் கும்பிடுகிறார்கள். 2011இல் புலிகள் காப்பகமானதால் கட்டுப்பாடு இன்னும் கடுமை. தாவரம், பறவை, தேன் சார்ந்து எழுதவோ வரையவோ போகிறவருக்கு அது மேல். கைத்தொழிலுக்கு மாதேஸ்வரன் மலையே போதும்.

கோத்தகிரி

மொழித் தொல்லை இல்லாத இடம் என்பதால் தமிழர்கள் முதலில் கைகாட்டுவது இதைத்தான். அதில் ஒரு சறுக்கல் இருக்கிறது. தோடர்களும் கோத்தர்களும் குறும்பர்களும் படகர்களும் உங்களிடம் தமிழ் பேசுவார்கள். தங்களுக்குள் பேசிக்கொள்வது அவரவர் மொழி. தமிழ் தெரிந்ததாலேயே எல்லாம் புரிந்துவிட்டது என்ற நினைப்பு இங்கே எளிதில் வரும்.

தோடர் பூத்தையல் வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் செய்வது. துணியில் கோடு போடுவதில்லை, அச்சு வைப்பதில்லை, வளையம் மாட்டுவதில்லை. ஊடையையும் பாவையும் கண்ணால் எண்ணி ஊசி ஏற்றுவார்கள். இரண்டு பக்கமும் அழகாக இருக்கும். துணி இறுகாமலிருக்க நூலைச் சற்றுத் தளர்வாக விட்டு, மேலே சிறு மேடு எழ வைப்பார்கள். எண்ணுவதில் ஓர் இழை தவறினால் அந்த வரிசையில் தெரியாது, நான்கு விரற்கடை தள்ளி முக்கோணத்தின் முனை கூடாதபோதுதான் தெரியும். அப்போது அவிழ்ப்பதைத் தவிர வழியில்லை. பகல் வெளிச்சம் வேண்டும். மேகம் இறங்கிய நாளில் ஊசி நகராது. ஒரு முழுப் போர்வைக்கு மாதக் கணக்காகும். நீங்கள் ஒரு மாதத்தில் கைக்குட்டை அகலத்துக்கு ஒரு பட்டையை முடித்தாலே நன்று.

2013இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கோலங்களை எடுத்துப் பையிலும் சட்டையிலும் அச்சடித்து அதே பெயரில் விற்க உங்களுக்கு உரிமை கிடையாது. சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. பூத்தையல் போட்ட பூத்குளி போர்வை அவர்களின் சாவுச் சடங்கிலும் இடம்பெறுவது. ஆயிரத்துச் சொச்சம் பேர் மட்டுமே உள்ள ஒரு சமூகத்தின் கோலத்தை 'இன்ஸ்பிரேஷன்' என்று தூக்கிவருவதை எங்களால் ஏற்க முடியவில்லை. தோடர் மந்துக்கு, அதாவது அவர்களுடைய குடியிருப்புக்கு, போனால் பார்க்க, கேட்க, விலை கொடுத்து வாங்கப் போங்கள். மாணவராகச் சேர்வது அந்த வீட்டுப் பெண்கள் அழைத்தால் மட்டுமே. பெரும்பாலான மந்துகள் கோத்தகிரியைவிட ஊட்டிப் பக்கம் என்பதையும் பயணக் கணக்கில் சேருங்கள்.

ஓவியருக்கு இங்கே உள்ள பெரிய செல்வம் குறும்பர் ஓவியம். வெள்ளரிக்கொம்பைப் பக்கத்துப் பழைய பாறை ஓவியங்களின் தொடர்ச்சி. வேங்கைப் பிசினில் சிவப்பு, இலைச் சாற்றில் பச்சை, மண்ணில் பழுப்பு. தேன் எடுப்பது, விதைப்பு, கோயில் என்று கதை ஒல்லியான மனித உருவங்களில் ஓடும். வரையத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு, ஆகவே அவர்களுடைய நேரத்துக்கு நல்ல விலை கொடுப்பதே முறை. 1990களிலிருந்து கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் அமைப்பு தேன், காட்டுப் பொருள், பழங்குடி வாழ்வு பற்றிப் பல ஆண்டுகளாக வேலை செய்கிறது. அறிமுகம் தேடுபவர்கள் அப்படிப்பட்ட ஓர் அமைப்பின் வழியாகப் போவது நேராகக் கதவைத் தட்டுவதைவிட நாகரிகம்.

பயண விவரம். மைசூர், பந்திப்பூர், கூடலூர் வழியே வந்தால் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், இது 2009இலிருந்து நடப்பு. சொந்த வண்டியில் நீலகிரிக்குள் வர 2024 மே முதல் இ-பாஸ் என்னும் இணைய அனுமதிச் சீட்டு வேண்டும், கோடையில் வார இறுதி ஒதுக்கீடு சீக்கிரம் தீரும். அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ரயிலில் கோயம்புத்தூர் வந்து, மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டர் மலையேறுவது நிம்மதியான வழி. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டி தடை, எஃகுக் குப்பி எடுத்துச் செல்லுங்கள். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை கோத்தகிரிச் சரிவை நன்றாக நனைக்கும், மண் சரியும். ஜனவரி முதல் மார்ச் வரை சரியான காலம்.

சாகரம்

சிவமொக்கா மாவட்டம், இரவு தாளகுப்பா ரயிலில் ஏறினால் காலையில் சாகரம். அங்கிருந்து சில கிலோமீட்டரில் ஹெக்கோடு. 1949இல் தொடங்கிய நீநாசம் நாடக அமைப்பு அங்கேதான் இருக்கிறது. அதை வளர்த்த கே.வி. சுப்பண்ணாவுக்கு 1991இல் மகசேசே விருது கிடைத்தது. பாக்குத் தோட்டத்து நடுவே ஒரு சிற்றூர், மாலையில் நாடக ஒத்திகை, டீக்கடையில் இலக்கியம். பக்கத்தில் சரகா என்னும் பெண்கள் கூட்டுறவு கைத்தறி நெய்து, பாக்கு வேகவைத்த சாற்றில் செம்பழுப்புச் சாயம் ஏற்றுகிறது. தோட்டத்துக் கழிவே சாயமாகும் இந்த ஏற்பாடு துணி வேலை செய்பவர்களுக்குப் பெரிய பாடம்.

சுவர்ச் சித்திரம் ஹசே சித்தாரா. தீவரு சமூகத்துப் பெண்கள் செம்மண் பூசிய சுவரில் வெள்ளைக் கோடுகளால் போடுவது. ஊறவைத்து அரைத்த அரிசியில் வெள்ளை, கருக வறுத்த அரிசியில் கறுப்பு, செடியின் நார் நசுக்கிக் கட்டியது தூரிகை. நம் மாக்கோலம் போட்ட கைக்குச் சீக்கிரம் வரும் என்று தோன்றும். கோலம் தரையில், இது நிமிர்ந்த சுவரில். மாவு நீர்த்தால் கீழே வழியும், கெட்டியானால் காய்ந்து பொருக்காக உதிரும், ஒரு நாள் தாண்டினால் புளித்து நாறும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் அரைக்க வேண்டும். பூமிப் பௌர்ணமிக்குச் சற்று முன், அக்டோபர் வாக்கில் போனால், வயலுக்குப் படையல் கொண்டுபோகும் கூடைகளில் இதே சித்திரம் ஏறுவதைப் பார்க்கலாம்.

இரண்டு எச்சரிக்கை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை ஓயாது, அட்டை கடிக்கும், சுவர் காயாது. டிசம்பர் முதல் மே வரை வேறு ஆபத்து: குரங்குக் காய்ச்சல். 1957இல் இந்த மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் முதலில் கண்டறியப்பட்ட நோய், உண்ணி கடித்துப் பரவுவது. 2018-19இல் சாகரம் வட்டத்திலேயே உயிர்களைப் பறித்தது. அந்த மாதங்களில் சருகு மேல் உட்காராதீர்கள், குரங்கு செத்துக் கிடந்த இடத்தை நெருங்காதீர்கள், சுகாதார நிலையத்தில் உண்ணி விரட்டும் எண்ணெய் கேட்டுத் தடவுங்கள், வந்ததும் வெந்நீரில் குளித்து உடுப்பையும் வெந்நீரில் போடுங்கள். ஊர் திரும்பிய பின் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் சாகரம் போனதை முதலிலேயே சொல்ல வேண்டும். இரண்டையும் கழித்தால் நிம்மதியாக மிஞ்சுவது அக்டோபரும் நவம்பரும். கன்னடம் வாசிக்கவோ நன்றாகப் பேசவோ தெரியாதவருக்கு இங்கே பாதி ஊர் மூடியே இருக்கும்.

காசும் கடிதமும்

மொத்தச் செலவை எண்ணும்போது அறை, சாப்பாடு, பேருந்து என்று கூட்டிவிட்டுக் கடைசியில் மிச்சத்தைக் கைவினைஞருக்கு ஒதுக்குவது பொதுப் பழக்கம். அதைத் திருப்பிப் போடுங்கள். முதலில் அவருக்கு ஒரு நாள் வேலையில் என்ன கிடைக்கிறது என்று கேளுங்கள். உங்களுக்குச் சொல்லித்தரும் நாளில் அவருடைய வேலை பாதியாகக் குறையும். ஆகவே ஒரு நாள் வருமானம், அதன் மேல் பாதி, பொருள் செலவு தனி. முழு மாதத்துக்கு இந்தத் தொகை கட்டவில்லை என்றால் நாட்களைக் குறையுங்கள், தொகையைக் குறைக்காதீர்கள். பாதியை முதல் நாளே கையில் கொடுங்கள். ரெசிடென்சி நடத்தும் அமைப்பு மொத்தக் கட்டணம் வாங்கினால், அதில் கைவினைஞருக்கு எவ்வளவு போகிறது என்று கேட்கலாம், கேட்க வேண்டும். பதில் சொல்லத் தயங்கும் இடத்தை விட்டுவிடுவது நல்லது.

நிதி தேடுபவர்களுக்கு, பெங்களூரில் இருக்கும் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் த ஆர்ட்ஸ் கலைத் திட்டங்களுக்கு நல்கை தருகிறது. இந்திய மொழிகளில் எழுதலாம் என்பதால் தமிழிலேயே விண்ணப்பத்தை யோசித்து எழுதுங்கள். 'கிராமத்தில் தங்கி உத்வேகம் பெறுவேன்' என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எந்தப் பொருள், எந்த மாதம், யாரோடு, என்ன செய்து முடிப்பேன் என்று எழுத வேண்டும்.

யாருக்கு எது

வீட்டை விட்டு நகர முடியாதவர், அல்லது ஒரு தொழிலைப் பிசகில்லாமல் கையில் ஏற்ற நினைப்பவர் சென்னபட்டணத்துக்குப் போகலாம். ஒரே மாதமாகப் போகாமல் பத்து வாரம் சனி, ஞாயிறாகப் பிரித்தால் இன்னும் நல்லது. இடையில் வரும் ஐந்து நாளில் கை மறப்பதைவிடக் கண் தெளிவதே அதிகம். வரைபவரும் எழுதுபவரும், கற்றுக்கொள்வதைவிடக் கேட்டுக்கொள்ளப் போகிறவரும் கோத்தகிரியை எடுக்கலாம். நாடகம், துணி, கன்னட இலக்கியம் என்றால் சாகரம், அதுவும் அக்டோபரில்.

இதற்கு முன் உளியோ ஊசியோ பிடித்திராத ஒருவர், காடும் கைத்தொழிலும் ஊரும் மூன்றும் வேண்டும் என்று கேட்டால், எங்கள் பதில் மாதேஸ்வரன் மலை. ஒரு மாதத்தில் முடியக்கூடிய வேலை, காத்திருக்க வைக்காத மூலப்பொருள், காதுக்குப் பழகிய பேச்சு. நீங்கள் அங்கே இருந்ததால் காட்டில் கொஞ்சம் களையாவது குறைந்திருக்கும் என்ற நிறைவு வேறெந்த ஊரும் தராதது.

ஜனவரி நடுவிலிருந்து சிவராத்திரிக்கு ஒரு வாரம் முன்பு வரை அங்கே நல்ல காலம். புதர் காய்ந்து பாதை தெரியும், மழை இல்லை, திருவிழாக் கூட்டம் இன்னும் ஏறியிருக்காது. அதற்கு வனத்துறைக்கும் பயிற்சி நடத்தும் அமைப்புக்கும் நவம்பர் முதல் வாரத்திலேயே கடிதம் போக வேண்டும். கன்னடத்தில் எழுதி, தங்கும் தேதி, போகும் இடம், கூட வரும் உள்ளூர்க்காரர் பெயர், அடையாள அட்டை நகல் எல்லாம் இணைத்து, இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் கொள்ளேகாலுக்கு நேரில் ஒரு தடவை போய் வாருங்கள்.